லட்சத்துக்குச் சற்று முன்னும் பின்னும்

2004 ஜூன் 21ஆம் தேதி காலை, கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்துக்கு மேலே, அரசாங்கப் பணம் சேராமல் கட்டிய ஸ்பேஸ்ஷிப்ஒன் என்ற சிறு ராக்கெட் விமானத்தில் மைக் மெல்வில் தனியாளாக ஏறிப்போனார். அவருக்கு வயது அறுபதுக்கு மேல். போகும் வழியிலேயே கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று சண்டித்தனம் செய்ததால் திட்டமிட்ட உயரம் கிடைக்கவில்லை. உச்சியில் எடையற்றுப்போன சில நிமிடங்களில் அவர் ஒரு பிடி சாக்லேட் மிட்டாய்களை எடுத்து மிதக்கவிட்டு வேடிக்கை பார்த்தார். இறங்கிய பிறகு அளவு தெரிந்தது: 1,00,124 மீட்டர். விண்வெளி தொடங்கும் இடம் என்று உலக விமானக் கூட்டமைப்பு வைத்திருக்கும் எல்லை 1,00,000 மீட்டர். அன்றைய கொண்டாட்டம் முழுவதும் மிச்சமிருந்த 124 மீட்டரின் மேல் நின்றது. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அதைத் தாண்டிவிடலாம்.

அந்த எல்லையில் வானம் எந்த அடையாளமும் வைத்திருக்கவில்லை. காற்று ஓரிடத்தில் சட்டென்று முடிவதில்லை; மெலிந்துகொண்டே போகிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தியோடர் வான் கார்மன் கேட்ட கேள்வி வேறு. மேலே போகப் போக, மெலிந்த காற்றில் இறக்கைக்குத் தாங்கல் கிடைக்க விமானம் மேலும் மேலும் வேகமாகப் பறக்க வேண்டும். ஓர் உயரத்தில் அந்த வேகம் பூமியைச் சுற்றிவரும் துணைக்கோளின் வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் இறக்கை வீண். அவர் கணக்கில் அந்த உயரம் 80 கிலோமீட்டரை ஒட்டி வந்தது. ஆனால் இன்று கார்மன் கோடு என்று அவர் பெயரால் வழங்கும் எல்லை 100 கிலோமீட்டரில் இருக்கிறது. பூஜ்யங்கள் அங்கேதான் வரிசையாக நின்றன.

மைலில் கணக்குப் போடும் அமெரிக்க விமானப்படை தன் வசதிக்கு 50 மைலை எல்லையாக வைத்துக்கொண்டது. அதாவது, ஏறத்தாழ 80 கிலோமீட்டர். கார்மனின் கணக்குக்கு இதுவே நெருக்கம் என்பது தற்செயல். 2021 ஜூலையில் ரிச்சர்ட் பிரான்சன் ஏறத்தாழ 86 கிலோமீட்டர் போய்வந்தார். ஒன்பது நாள் கழித்து 107 கிலோமீட்டர் போன ஜெஃப் பெசோஸின் நிறுவனம், தன் பயணிகளின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட வேண்டியிருக்காது என்று முன்கூட்டியே குத்திக்காட்டியிருந்தது. இரண்டு பெரும் செல்வந்தர்களின் சண்டைக்கு மீட்டரும் மைலும் நடுவர்களாக நின்றன.

வட்டமான எண்கள் பல உண்டு. ஆயிரம் கையடக்கமானது, ஆயிரம் பேர் கூடிய கல்யாணத்தை யாரும் பார்த்திருப்பார்கள். கோடி பெரும்பாலோருக்கு வெறும் சொல். லட்சம் இரண்டுக்கும் நடுவே சங்கடமான இடத்தில் நிற்கிறது. எண்ண முடியும், ஆனால் எண்ணி முடிப்பவர் அபூர்வம். விநாடிக்கு ஒன்று என்று நிறுத்தாமல் எண்ணினால் 27 மணி 46 நிமிடம் 40 விநாடி ஆகும். நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் 1,00,800 முறை துடித்துவிடுகிறது. அதை யாரும் கணக்கு வைப்பதில்லை. இப்படிப்பட்ட எண்ணை ஒருவர் சொல்லும்போது, அந்த எண்ணைவிட அதற்கும் உண்மைக் கணக்குக்கும் இடையில் விழும் மிச்சமும் குறைவும் அவரைப் பற்றி அதிகம் சொல்லிவிடுகின்றன.

அசோகனின் 13ஆம் பாறைக் கல்வெட்டிலிருந்து தொடங்கலாம். முடிசூடிய எட்டாம் ஆண்டில், பொ.ஆ.மு. 261 வாக்கில், நடந்த கலிங்கப் போரின் கணக்கை அரசனே சொல்கிறான்: நாடு கடத்தப்பட்டவர் ஒன்றரை லட்சம்; களத்தில் கொல்லப்பட்டவர் ஒரு லட்சம்; வேறு விதமாகச் செத்தவர் அதைப்போலப் பல மடங்கு. வரிசையைக் கவனிக்க வேண்டும். உயிரோடு பிடித்துக் கொண்டுபோனவர்களுக்கு ‘ஒன்றரை’ என்று கொஞ்சம் நுணுக்கமான எண் கிடைக்கிறது. கைதிகள் கைக்கு வந்த ஆட்கள்; அவர்களைக் கணக்கெடுக்க அதிகாரிகள் இருந்திருப்பார்கள். களத்தில் விழுந்தவர்களுக்கு முழு லட்சம். பசியிலும் நோயிலும் போனவர்களுக்கு எண்ணே இல்லை. ஒரு வாக்கியத்துக்குள் கணக்கு மூன்று படி இறங்குகிறது.

வரலாற்றாசிரியர்கள் இந்த லட்சத்தை அப்படியே நம்புவதில்லை. ‘ஏராளம்’ என்பதற்கு அக்காலத்தில் வழங்கிய வாய்பாடு என்றே கொள்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அதே கல்வெட்டில் அசோகன் அடுத்துச் செய்வது வாய்பாட்டில் அடங்காது. அன்று கலிங்கத்தில் செத்தவர்களிலும் கடத்தப்பட்டவர்களிலும் நூற்றில் ஒரு பங்கோ ஆயிரத்தில் ஒரு பங்கோ இன்று துன்பப்பட்டாலும் தனக்கு அது பெரும் வருத்தம் என்கிறான். லட்சத்தை நூறால் வகுத்தால் ஆயிரம் பேர். ஆயிரத்தால் வகுத்தால் நூறு பேர். நூறு பேர் என்றால் ஒரு சிற்றூர். முகம் நினைவில் நிற்கும் அளவு. பெரிய எண்ணைச் சொல்லிப் பெருமையடித்த அரசர்கள் கல்வெட்டுதோறும் இருக்கிறார்கள். தன் எண்ணைத் தானே வகுத்துப் பார்த்த அரசன் வேறொருவன் எளிதில் அகப்படமாட்டான்.

இன்னொரு தகவலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கலிங்க மண்ணிலேயே, தௌலியிலும் ஜௌகடாவிலும் அசோகனின் பாறைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அங்கே இந்த 13ஆம் கல்வெட்டும் அதற்கு முந்தைய இரண்டும் கிடையாது. அவற்றுக்குப் பதிலாக, குடிமக்கள் எல்லாரும் என் பிள்ளைகள் என்று சொல்லும் தனிக் கல்வெட்டுகளைப் பொறித்திருக்கிறார்கள். செத்தவர் எண்ணிக்கையை வடமேற்கு எல்லையில் ஷாபாஸ்கடியில் படிக்கலாம், ஆந்திரத்து எர்ரகுடியில் படிக்கலாம். சோழரையும் பாண்டியரையும் தாம்பரபரணி நாட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதும் இதே கல்வெட்டுதான். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருந்த ஊரில் அந்த லட்சம் எழுதப்படவில்லை. கலிங்கத்தாருக்கு அந்தக் கணக்கை யாரும் எழுதிக் காட்டத் தேவையும் இருந்திருக்காது.

போரிலிருந்து ஏட்டுக்கு வந்தால், லட்சம் நூலின் பருமன் ஆகிறது. மத்தியப் பிரதேசத்தின் சத்னா பகுதியில் கிடைத்த, 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு செப்பேடு மகாபாரதத்தை ‘சதசாஹஸ்ரீ சம்ஹிதை’ என்கிறது. நூறு ஆயிரம் சுலோகங்கள் கொண்ட தொகுப்பு. பாரதமோ தன் கணக்கைத் தானே வைத்திருக்கிறது. ஆதிபர்வத்தின் பர்வசங்கிரகப் பகுதியில் ஒவ்வொரு பர்வத்துக்கும் இத்தனை அத்தியாயம், இத்தனை சுலோகம் என்று பட்டியல் இருக்கிறது. பதினெட்டையும் கூட்டினால் லட்சம் வராது. புனேயின் பண்டார்கர் நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் முடித்த செம்பதிப்பு, இந்தியா முழுவதும் கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டு, பிற்காலச் சேர்க்கை என்று பட்டவற்றையெல்லாம் அடிக்குறிப்புக்குத் தள்ளியது. மிஞ்சிய பாடம் லட்சத்துக்கு வெகு கீழே நின்றுவிட்டது. தென்னாட்டு ஏடுகளின் பாடம் வடநாட்டுப் பாடத்தைவிட நீளம். பெயருக்கு ஏற்ற உடம்பை வளர்த்துக்கொள்ள அந்த நூல் சில நூற்றாண்டுகள் பாடுபட்டிருக்கிறது என்று சொன்னால் அதிகம் தவறில்லை.

இங்கே ஒரு தொழில் விஷயமும் உண்டு. 32 எழுத்து கொண்ட சுலோகம்தான் ஏடெழுதுவோருக்கு அளவுகோல். உரைநடையைப் பிரதியெடுத்தாலும் அதே 32 எழுத்தை ஒரு கிரந்தம் என்று கணக்கிட்டார்கள். கூலியும் அந்தக் கணக்கில்தான். ஆகவே லட்சம் சுலோகம் என்பது புலவனுக்குப் பெருமை. ஏடெழுதுபவனுக்கு 32 லட்சம் எழுத்து, அதற்கேற்ற ஓலை, கண் வலி, சம்பளப் பாக்கி.

காஷ்மீரத்துச் சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் எழுதிய கதாசரித்சாகரத்தில் இன்னொரு லட்சம் இருக்கிறது. குணாட்யர் பைசாசி மொழியில் ஏழு லட்சம் சுலோகங்களைத் தன் ரத்தத்தால் எழுதிச் சாதவாகன அரசனுக்கு அனுப்புகிறார். பேய் மொழியில் ரத்தத்தால் எழுதியதை எவன் படிப்பான் என்று அரசன் திருப்பிவிடுகிறான். குணாட்யர் காட்டில் தீ மூட்டி, ஒவ்வொரு ஏடாக மிருகங்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு நெருப்பில் போடுகிறார். மான்களும் பன்றிகளும் மேய்ச்சலை மறந்து கண்ணீர் வடித்துக் கேட்கின்றன. இரை தின்னாத மிருகங்களின் வற்றிய இறைச்சியைச் சாப்பிட்டு அரசனுக்கு உடம்பு கெடுகிறது. காரணம் விசாரித்து அவன் ஓடிவருவதற்குள் ஆறு லட்சம் எரிந்துவிடுகிறது. மிஞ்சிய ஒரு லட்சம்தான் பிருகத்கதை என்பது கதை.

அந்த ஒரு லட்சமும் இன்று இல்லை. மூல நூல் தொலைந்துபோய், அதன் வழிநூல்கள்தான் கைக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று தமிழில் கொங்குவேளிர் செய்த பெருங்கதை. உ.வே. சாமிநாதையர் 1924இல் அதைப் பதிப்பித்தபோது ஏட்டில் முதலும் இல்லை, முடிவும் இல்லை. ஏழு லட்சத்தில் ஒரு லட்சம், அந்த லட்சத்தின் ஒரு கிளை, அந்தக் கிளையிலும் தலையும் வாலும் இல்லாத நடுப்பகுதி. எரிந்துபோன பங்கை வைத்து இருப்பதன் மதிப்பைக் கூட்டும் தந்திரத்தைச் சோமதேவர் நன்றாக அறிந்திருந்தார். பதிப்பாசிரியருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. இல்லாததை இல்லை என்று முகவுரையில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பக்தியில் லட்சம் வேறு வேலை பார்க்கிறது. அங்கே அது நிஜமாகவே எண்ணப்படுகிறது. கோயில் லட்சார்ச்சனையின் கணக்கு எளிது: ஆயிரம் நாமங்கள், நூறு முறை. பத்து அர்ச்சகர்கள் உட்கார்ந்தால் ஆளுக்குப் பத்து முறை. இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம். லட்சம் என்ற மலையைச் சகஸ்ரநாமம் என்ற தயார்க் கல்லால் கட்டிவிடுகிறார்கள். ஸ்ரீராமஜெயம் எழுதுகிறவர்களுக்கு இந்தக் குறுக்கு வழி கிடையாது. நோட்டுப் புத்தகத்தில் கட்டம் கட்டமாக, ஒரு பக்கத்துக்கு இத்தனை என்று கணக்கு வைத்து, ஒற்றைக் கையால்தான் லட்சத்துக்குப் போக வேண்டும்.

எண்ணும்போது தவறு வரும் என்பதையும் இந்த மரபுகள் ஒத்துக்கொள்கின்றன. திபெத்திய பௌத்தத்தில் தீட்சைக்கு முந்தைய பயிற்சியாக ஒரு லட்சம் முறை நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குவார்கள். 108 மணி கொண்ட மாலையை ஒரு சுற்று உருட்டினால் நூறு என்றுதான் கணக்கு. மீதி எட்டு, கவனம் சிதறியதற்கும் எண்ணிக்கை பிசகியதற்கும் ஈடு. லட்சம் என்று சொல்லிவிட்டு ஒரு லட்சத்து எட்டாயிரம் முறை விழுகிறார்கள். இலக்குக்கு மேல் எட்டு சதவீதத்தை மனித பலவீனத்துக்கு ஒதுக்கிவைத்த இந்தக் கணக்கு, பல அரசாங்க மதிப்பீடுகளைவிட யோக்கியமானது.

ஜப்பானில் நடந்தது இன்னும் விசேஷம். 764இல் ஒரு கலகத்தை அடக்கிய பிறகு ஷோதோகு பேரரசி பத்து லட்சம் சிறிய மரக் கோபுரங்கள் செய்ய ஆணையிட்டார். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம், மூன்று அடுக்கு. நடுவில் குடைந்த துளையில் காகிதத்தில் அச்சிட்ட தாரணி மந்திரம் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டது. 770இல் வேலை முடிந்து, பத்துக் கோயில்களுக்கு லட்சம் லட்சமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். உலகில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சுப் பிரதிகளில் அந்த மந்திரச் சுருள்களும் சேர்த்தி. அவற்றை யாரும் எடுத்துப் படிக்க வேண்டும் என்பது நோக்கமே இல்லை. அச்சுத் தொழிலின் தொடக்க அத்தியாயம் ஒன்று, வாசகரே தேவையில்லாத பிரசுரத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. சிறுபத்திரிகைக்காரர்கள் இதில் ஆறுதல் தேடிக்கொள்ளலாம்.

அந்த வேலையில் எண்ணிக்கைக்கும் ஓர் உருவம் கொடுத்தார்கள். பத்தாயிரம் ஆகும்போதெல்லாம் ஏழு அடுக்குக் கோபுரம் ஒன்று; லட்சம் ஆகும்போது பதின்மூன்று அடுக்கில் ஒன்று. கோபுரங்களின் அடியில் கடைந்தவர் பெயரும் தேதியும் மையால் எழுதியிருக்கின்றன. பத்துக் கோயில்களில் ஒன்பதில் கோபுரங்கள் தீயிலும் காலத்திலும் போய்விட்டன. ஹோர்யூஜியில் மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. லட்சத்தில் பாதிகூட இல்லை. ஆனால் அந்தப் பாதிக்குள் தச்சர்களின் பெயர்கள் கிடைக்கின்றன. முழு லட்சத்தையும் பெற்றுக்கொண்ட ஒன்பது கோயில்களின் பங்கிலிருந்து நமக்கு ஒரு பெயரும் மிஞ்சவில்லை.

வரைபடத்தில் லட்சம் ஏறினால் வேடிக்கை. லட்சத்தீவுகள் என்று 1973இல் அரசாங்கமே முறையாகப் பெயர் வைத்த இடத்தில் தீவுகள் 36. மக்கள் வசிப்பது பத்தில். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 64,473. தீவு வேண்டாம், ஆளை எண்ணினாலும் லட்சம் தேறாது. அதே எழுபதுகளில், கடலுக்கு இக்கரையில், அச்சுத மேனன் ஆட்சியில் எம்.என். கோவிந்தன் நாயர் முன்னின்று நடத்திய ‘லட்சம் வீடு’ திட்டம் வந்தது. பஞ்சாயத்துக்கு நூறு வீடு. கேரளத்தில் பஞ்சாயத்துகள் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பெருக்கினால் லட்சத்தை ஒட்டி வரும். நிலமற்ற கூலித் தொழிலாளருக்கு ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள் எழுந்தன. திட்டம் முடிந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நாற்பது ஐம்பது வீடுள்ள குடியிருப்புக்கும் இன்று ‘லட்சம் வீடு காலனி’ என்றுதான் பெயர். தலைமைச் செயலகத்தில் பெருமையாகப் பிறந்த எண், பேருந்து நிறுத்தத்தில் இறங்குகிறவரின் ஏழ்மையைக் காட்டிக்கொடுக்கும் விலாசமாகிவிட்டது.

பணத்தில் லட்சத்தின் சரிவு எல்லோருக்கும் தெரிந்த கதை. 1965க்கான முதல் ஞானபீடப் பரிசின் தொகை ஒரு லட்சம். 1975க்கான பரிசு ‘சித்திரப்பாவை’ நாவலுக்காக அகிலனுக்குக் கிடைத்தபோதும் அதே லட்சம்தான். தமிழுக்குக் கிடைத்த முதல் ஞானபீடம் அது. சாகித்திய அகாதெமி பரிசு இன்று ஒரு லட்சம். இரண்டும் ஒரே எண் என்று வாதிடுகிறவர் கணக்கில் கெட்டிக்காரராக இருக்கலாம். மளிகைக் கடைக்குப் போனதில்லை. 2025 ஏப்ரலில் பத்து கிராம் சொக்கத் தங்கம் லட்ச ரூபாயைத் தொட்டபோது எல்லாப் பத்திரிகையிலும் அது தலைப்புச் செய்தி. அதற்கு முந்தைய நாட்களில் ஏறிய ஆயிரங்களும் அதே ஆயிரங்கள்தான். பெண்ணுக்கு நகை சேர்க்கிற வீட்டில் அந்த ஆயிரங்கள்தான் வலித்திருக்கும், செய்தியானது பூஜ்யம்.

எண் ஒன்று முதலில் வந்து, பொருள் பின்னால் வந்த கதை நானோ காருடையது. ஜெனீவா கார்க் கண்காட்சியில் ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் கேட்டபோது, மலிவாக ஒரு கார் செய்யும் யோசனை இருக்கிறது, லட்ச ரூபாய் வாக்கில் விலை இருக்கலாம் என்று ரத்தன் டாட்டா சொன்னார். மறுநாள் ‘லட்ச ரூபாய்க் கார்’ என்று தலைப்பு வந்துவிட்டது. மறுப்புக் கொடுக்க நினைத்து, பிறகு அதையே இலக்காக வைத்துக்கொண்டால் என்ன என்று முடிவெடுத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு பொறியாளர்கள் செய்தது கழித்தல் கணக்கு. வைப்பர் இரண்டுக்குப் பதில் ஒன்று. சக்கரத்துக்கு நாலு நட்டுக்குப் பதில் மூன்று. பக்கக் கண்ணாடி ஒன்று போதும். பின்பக்கக் கதவு வெளியிலிருந்து திறக்க வேண்டாம். பின்னால் 624 சிசியில் இரண்டு சிலிண்டர் எஞ்சின். 2008 ஜனவரியில் தில்லியில் காட்டி, 2009 மார்ச்சில் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அடிப்படை மாதிரியின் விலை ஆலை வாசலில் ஒரு லட்சம். வரியும் போக்குவரத்தும் சேர்ந்து வீட்டு வாசலுக்கு வரும்போது லட்சம் தாண்டிவிட்டது. ஆனாலும் சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது என்று அறிவிக்க முடிந்தது. அந்த எண்தான் காரைக் கவிழ்த்தது என்பதும் உண்மை. ஸ்கூட்டரில் நாலு பேராகப் போன குடும்பம் காருக்கு மாற ஆசைப்பட்டது, நாட்டிலேயே மலிவான கார் வைத்திருப்பவர் என்று பெயர் வாங்க ஆசைப்படவில்லை.

விஞ்ஞானிகள் வட்டமான எண்ணுக்கு மயங்குவதில்லை என்று நினைப்பது அவர்களை அறியாதவர்கள் பேச்சு. கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கு நெடுங்காலம் இருந்த நியம அளவு 1,01,325 பாஸ்கல். 1982இல் சர்வதேச வேதியியல் ஒன்றியம், பட்டியல்களுக்கு 1,00,000 பாஸ்கலையே நியமமாக வைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. 1,325 பாஸ்கல் உதறப்பட்டது; கணக்குப் போடுவது சுலபமாயிற்று. பக்கவிளைவும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று படித்தது பழைய அழுத்தத்தில். புதிய நியம அழுத்தத்தில் அது 99.61 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஒரு வட்ட எண்ணை உட்கார வைக்க இன்னொரு வட்ட எண்ணை எழுப்பிவிட வேண்டியிருந்தது.

இயற்கை தானாக லட்சத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் அவர்களுக்குச் சந்தேகம் வருகிறது; வரத்தான் வேண்டும். பனியுகங்கள் ஏறத்தாழ லட்சம் ஆண்டுக்கு ஒன்றாக வந்துபோயிருக்கின்றன. அண்டார்க்டிகாவின் டோம் சி பகுதியில் துளைத்தெடுத்த எட்டு லட்சம் ஆண்டுப் பனிக்கட்டியில் அப்படி எட்டுச் சுற்றுகள் பதிவாகியிருக்கின்றன. பூமியின் பாதை வட்டத்திலிருந்து நீள்வட்டமாகிச் சுருங்கும் கால அளவும் லட்சம் ஆண்டுதான். செர்பியரான மிலான்கோவிச் இந்த வகைக் கணக்குகளை முன்பே போட்டிருந்தார். ஆனால் அந்த மாற்றத்தால் பூமிக்கு வரும் வெயிலில் ஏற்படும் வேறுபாடு மிகச் சொற்பம். இவ்வளவு சின்னத் தள்ளலுக்கு இவ்வளவு பெரிய பனிப்பாளம் ஏன் அசைகிறது? அதுவும், ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை பனியுகம் 41 ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. பிறகு ஏன் தாளம் மாறியது? ‘லட்ச ஆண்டுச் சிக்கல்’ என்றே இதற்குத் துறைக்குள் பெயர். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த லட்சமும் லட்சமில்லை. 95 ஆயிரத்தை ஒட்டிய ஓர் அலையும் ஒன்றேகால் லட்சத்தை ஒட்டிய இன்னொன்றும் சேர்ந்து கொடுக்கும் சராசரி. சிக்கலைத் தீர்க்கத்தான் 2025 ஜனவரியில் ஐரோப்பியக் குழு ஒன்று 2,800 மீட்டர் துளைத்து, 12 லட்சம் ஆண்டுப் பழைய பனியை மேலே கொண்டுவந்தது.

பின்லாந்தில் லட்சம் ஆண்டு என்பது எதிர்காலக் கணக்கு. ஓல்கிலுவோதோ அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில், தரைக்குக் கீழே 430 மீட்டர் ஆழத்தில், ஓன்கலோ என்ற சுரங்கத்தைக் குடைந்திருக்கிறார்கள். எரிந்து முடிந்த அணு எரிபொருளைச் செம்புக் குடுவையில் அடைத்து, சுற்றிலும் களிமண் திணித்து, பாறைக்குள் மூடிவிடுவது திட்டம். லட்சம் ஆண்டு தாங்க வேண்டும் என்பது கணக்கு. காரணம் இருக்கிறது: புளுட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,100 ஆண்டுகள், அதுபோல நாலு சுற்று முடிந்தால் 96,400, மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. அமெரிக்காவில் யக்கா மலைத் திட்டத்துக்குப் பத்தாயிரம் ஆண்டு பாதுகாப்பு போதும் என்று விதி செய்தார்கள். 2004இல் நீதிமன்றம் அது போதாது என்று தள்ளியது. பிறகு பத்து லட்சம் ஆண்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். நூறு மடங்குப் பொறுப்பு, காகிதத்தில் இரண்டு பூஜ்யம்.

லட்சம் ஆண்டுக்கு முன்னால் என்ன இருந்தது என்று பின்லாந்துக்காரரால் பனியைத்தான் காட்ட முடியும். சென்னைக்கு வடமேற்கே கொசஸ்தலையாற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கத்தில் காட்ட வேறு இருக்கிறது. சாந்தி பப்புவின் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1.72 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரு நுட்பமான கற்கருவித் தொழில் நடந்திருக்கிறது. இரண்டு லட்சம் ஆண்டுக்கும் மேல் ஒரே ஆற்றங்கரையில் கல் உடைத்தவர்களின் மொழி எது, அவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று ஒன்றும் தெரியாது. ஓன்கலோவின் வாசலில் எந்த மொழியில் எச்சரிக்கை எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் ஒருமுறை பூண்டி அருங்காட்சியகத்துக்கு வந்து போகலாம்.

எல்லா லட்சங்களிலும் அன்றாடம் அதிகம் புழங்குவது அரசாங்கக் கோப்புகளில் இருக்கும் ‘லட்சத்துக்கு இத்தனை’ என்ற லட்சம். பிரசவத்தில் இறக்கும் தாய்மார்களின் விகிதம் அப்படித்தான் சொல்லப்படுகிறது. 2018-20 கணக்கில் இந்தியாவுக்கு 97. அசாம் 195, தமிழ்நாடு 54, கேரளம் 19. இதைச் சதவீதத்தில் சொன்னால் தமிழ்நாட்டுக்கு 0.054 என்று வரும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணைக் கண்டால் அமைச்சரும் வாசகரும் அடுத்த வரிக்குத் தாவிவிடுவார்கள். அந்தப் புள்ளியை ஒழித்து, சாவை முழு எண்ணாக்கத்தான் கீழே லட்சம் வைக்கப்பட்டது. ஐம்பத்து நாலு என்றால் ஒரு பேருந்து நிறைய ஆட்கள் என்று மனதில் பதிகிறது.

ஆனால் 54 பேர் என்பதும் நிஜமில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஒன்பது லட்சத்தை ஒட்டிப் பிரசவங்கள் நடக்கின்றன. திருப்பிப் பெருக்கினால் ஏறத்தாழ ஐந்நூறு பெண்கள். அந்த விகிதமும் எல்லாப் பிரசவங்களையும் எண்ணி வந்ததில்லை. மாதிரிப் பதிவு முறையில் தேர்ந்தெடுத்த ஊர்களிலும் வார்டுகளிலும் நடக்கும் பிறப்பு இறப்புகளைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். பிரசவச் சாவு அந்த மாதிரிக்குள் அரிதாகத்தான் அகப்படும் என்பதால், ஓர் ஆண்டின் கணக்கு போதாமல் மூன்று ஆண்டுகளைச் சேர்த்துக் கூட்டுகிறார்கள். 2018-20 என்று சேர்த்து எழுதுவது அதனால்தான்.

லட்சத்துக்கு இத்தனை என்று ஒரு பக்கம் அட்டவணை போகும்போது, தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை இன்னொரு பக்கம் ஒவ்வொரு பிரசவச் சாவையும் தனித்தனியாக விசாரிக்கும் முறையை மற்ற மாநிலங்களுக்கு முன்பே கொண்டுவந்தது. வீட்டாரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கடைசியாகச் சேர்த்த மருத்துவமனையிலும் கேள்விகள் போகும். வலி எடுத்தது எப்போது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவு செய்தது யார், வண்டி வர எவ்வளவு நேரமாயிற்று, ரத்த வங்கியில் அந்த வகை ரத்தம் இருந்ததா, மயக்க மருந்து கொடுக்கிறவர் பணியில் இருந்தாரா. விசாரணை மாவட்ட ஆட்சியர் நடத்தும் கூட்டத்துக்குப் போகும். இறந்தவரின் உறவினர்களும் அங்கே வந்து பேசலாம். அந்தப் படிவத்தில் விகிதம் எழுதும் கட்டம் கிடையாது. வயது, எத்தனையாவது பிரசவம், வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பவைதான் அங்கே எழுதவேண்டிய எண்கள்.